கச்சான் காற்றில் ஒரு குறும்படம்: வசனம் கேட்கவில்லை, நடிகர் கட்டாருக்குப் போய்விட்டார், இரவுக் காட்சிக்கு வெளிச்சம் இல்லை

கல்லடிப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் 6 பேர் சேர்ந்து இறுதி வருட வேலைக்காக 12 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். மட்டக்களப்பு வாவியில் மீன்பிடித் தொழில் செய்யும் ஒரு அப்பா, அவருடைய தோணியை விற்று அந்தக் காசில் வெளிநாடு போகத் துடிக்கும் மகன், அவ்வளவுதான் கதை. கதையில் எங்களுக்குக் குழப்பமில்லை. எடுக்கப் போனால்தான் ஒவ்வொன்றாக வந்து மறிக்கிறது.

முதலாவது சத்தம். வாவிக்கரையில் எடுத்ததைப் போட்டுக் கேட்டால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றின் இரைச்சலுக்குள் வசனம் அமுங்கிக் கிடக்கிறது. அடுத்தது, மகனாக நடித்த நண்பனுக்குக் கட்டாரில் வேலை சரிவந்து போய்விட்டான். வீட்டுக்குள் நடக்கிற காட்சிகளை அவனோடு எடுத்து முடித்துவிட்டோம். தோணித்துறையில் இரண்டு பேரும் வாக்குவாதப்படுகிற காட்சியில் அப்பா பக்கத்து ஷொட் மட்டும் இருக்கிறது. மகன் மனம் மாறித் திரும்பி வருகிற கடைசிக் காட்சி எடுக்கவேயில்லை. மூன்றாவது, இரவில் அப்பா தனியாகத் தோணிக்குள் உட்கார்ந்திருக்கிற காட்சி. துறையில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்க எங்களுக்கு வசதியும் இல்லை, எடுத்தாலும் அதன் சத்தம் வேறு.

கையில் இருப்பது சீனியர் ஒருவர் தந்த கமரா, 50 எம்.எம். லென்ஸ் ஒன்று, ட்ரைபொட், வயர் உள்ள கொலர் மைக் ஒன்று, எங்கள் போன்கள். ஐப்பசி மழை பிடிக்கமுதல் முடித்தாக வேண்டும். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்க.

ஏறாவூர் ஒலி:

தம்பி, சத்தத்தை முதலாவதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்க்கிற ஆக்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் விளங்காவிட்டால் பொறுக்கமாட்டார்கள். நான் கலியாண வீட்டு வீடியோக்காரரோடு ஒலி வேலைக்குப் போகிறவன், கடற்கரையில் எடுக்கிற அலுப்பு நன்றாகத் தெரியும்.

மைக்கோடு வருகிற கறுப்புப் பஞ்சு மூச்சுக்காற்றை மறிக்கத்தான் உதவும். வெளிக்காற்றுக்கு நீள மயிர் உள்ள உறை வேண்டும். வாங்கத் தேவையில்லை. பிள்ளைகளுடைய பழைய கரடிப் பொம்மையின் தோலை வெட்டி, மயிர் வெளியே வரும்படி சின்னப் பை மாதிரித் தைத்து, பஞ்சின் மேல் போட்டு இறப்பர் வளையம் ஒன்றால் இறுக்கிவிடுங்க. அடர்ந்த துணி வேண்டாம், பின்பக்கம் வலைபோல இருக்கிற துணியாகப் பாருங்க, இல்லாவிட்டால் குரலும் சேர்ந்து அடைபடும். காற்று மயிருக்குள் புகுந்து வேகம் குறைந்துவிடும், மைக்கில் நேரே அடிக்காது.

அப்பா பாத்திரம் சேட் போட்டிருக்கிறாரா, வெறும் மேலா? வெறும் மேல் என்றால் கொலர் மைக்கை எங்கே ஒளிப்பது என்று தலையைப் பிய்க்க வேண்டாம். தோளில் துவாய் ஒன்றைப் போட்டுவிடுங்க. துவாயின் மடிப்புக்குள் மைக்கை வைத்து, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரால் வயரை ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டினால் துணி உரசுகிற சத்தம் குறையும். வயரை முதுகுப்பக்கமாக இறக்கி, போனைச் சாரன் மடிப்பில் செருகுங்க. போன் ஃபிளைட் மோடில் இருக்கட்டும், பதிவு 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக இருக்கட்டும். உரத்துப் பேசும்போது அளவு மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நின்றால் போதும். சிவப்பில் முட்டி வெடித்த சத்தத்தைப் பிறகு யாராலும் திருத்தமுடியாது.

ஒவ்வொரு ஷொட் தொடங்கும்போதும் கமராவுக்கு முன்னால் ஒருமுறை கைதட்டுங்க. எடிற் பண்ணும்போது கமராச் சத்தத்தையும் போன் சத்தத்தையும் பொருத்த அந்த ஒரு தட்டுத்தான் துணை.

திருக்கோவில் அலை:

மச்சான், இவ்வளவு கஷ்டம் எதற்கு? தமிழ்ப் படங்களில் கனகாலமாக எல்லாமே பிறகு குரல் கொடுத்ததுதானே. சத்தத்தைப் பற்றி யோசிக்காமல் நல்ல ஷொட்டாக எடுத்துத் தள்ளுங்க. பிறகு ஒரு அறைக்குள் இருந்து டப்பிங் பேசினால் சரி. கச்சானும் இல்லை, காகமும் இல்லை.

ஏறாவூர் ஒலி:

தம்பி, அங்கே டப்பிங் பேசுகிறவர்களுக்கு அதுவே தொழில். சத்தம் புகாத அறையும், திரையைப் பார்த்து உதட்டுக்கு ஏற்ப நிறுத்திப் பேசுகிற பழக்கமும் இருக்கிறது. இவர்களுடைய அப்பா நடிகரை நாலு சுவருக்குள் இருத்தி, காதில் ஹெட்போன் மாட்டி, தன் உதட்டைப் பார்த்துப் பேசு என்றால் அந்தக் குரலில் துறையில் இருந்த கோபம் வராது. குளியலறை எதிரொலியோடு கேட்கிற மாணவர் படங்கள் எத்தனையோ பார்த்தாச்சு. அதைக் கேட்கும்போது மனம் நோகும், ஏனென்றால் படத்தை நல்லாத்தான் எடுத்திருப்பார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஷொட் முடிந்தவுடன், நடிகருக்குச் சூடு ஆறமுதல், அதே வசனத்தைக் காற்றுப் படாத இடத்தில் இரண்டு முறை சொல்ல வையுங்க. கிடுகு வேலிக்குப் பின்னால் போகலாம். ஆட்டோ நின்றால் அதன் பக்கத் திரைகளை இறக்கிவிட்டு உள்ளே இருத்தலாம். அதே வேகம், அதே மூச்சு. எடிற்றில் வைத்தால் அநேகமாக உதட்டோடு ஒத்துப்போகும். அப்புறம் அந்த இடத்தின் வெறும் சத்தத்தை, ஒருத்தரும் கதைக்காமல், ஒரு நிமிடம் பதிந்து வையுங்க. தண்ணீர் தோணியில் தட்டுகிறது, காற்று, தூரத்து மோட்டார் சைக்கிள், எல்லாம் அதில் வரும். வெட்டி ஒட்டின இடங்களை மூடுவது அதுதான்.

வீட்டுக்குள் எடுத்தாலும் ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துங்க. ஃபிரிட்ஜை நிறுத்தும்போது மோட்டார் சைக்கிள் திறப்பை அதற்குள் வைத்துவிட்டால், திரும்பப் போட மறந்து வீட்டுக்காரருடைய மீன் பழுதாகாது.

வலையிறவுத் தோணி:

நான் படம் எடுக்கத் தெரிந்தவன் இல்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வாவித் தொழில், அதனால் இரண்டு விசயம் சொல்கிறேன்.

கச்சான் காலத்தில் விடிந்து சில மணி நேரம் வாவி சும்மா கிடக்கும். வெயில் ஏறினபிறகுதான் காற்று எழும்பும். பின்னேரம் தண்ணீர் நுரைத்துக்கொண்டு நிற்கும். வசனம் பேசுகிற காட்சி எல்லாவற்றையும் காலை 9 மணிக்கு முதல் வையுங்க. காற்று வேண்டிய காட்சி, அதாவது மகனோடு சண்டை முடிந்து அப்பா தனியாகத் தோணியைத் தள்ளிக்கொண்டு போவது மாதிரி ஒன்று இருந்தால், அதைப் பின்னேரத்துக்கு வையுங்க. காற்றோடு சண்டை பிடிக்காமல் அதையும் கதைக்குள் எடுத்துக்கொள்ளலாமே.

மற்றது, தோணிக்குள் கமராக்காரர் எழும்பி நிற்கவே கூடாது. எங்கள் தோணிகள் ஒடுக்கமானவை, பழக்கமில்லாதவர் ஒருபக்கம் சாய்ந்தால் எல்லாரும் தண்ணீருக்குள். தோணியைக் கம்பில் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, கரையில் ட்ரைபொட் வைத்து எடுங்க. ஓடுகிற தோணிதான் வேண்டுமென்றால் உள்ளே இருக்கிற ஒவ்வொருத்தரும் மிதப்பு அங்கி போடவேண்டும், நீந்தத் தெரிந்தாலும். முதலை இருக்கிற வாவி என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பற்றைக்கரையோரம், பொழுதுபடுகிற மைம்மல் நேரத்தில் தண்ணீருக்குள் இறங்கி நிற்க வேண்டாம். எந்த இடம் என்று அந்தத் துறையில் தொழில் செய்கிறவர்களிடம் கேளுங்க, அவர்களுக்குத் தெரியும்.

கல்லடிப் பொடியன்:

ஏறாவூர் அண்ணா, வலையிறவு அண்ணா, மிக்க நன்றி. அப்பா வெறும் மேல்தான், துவாய் யோசனை அப்படியே பொருந்துகிறது. வாக்குவாதக் காட்சி பின்னேரம் எடுத்தது, அதனால்தான் அந்த இரைச்சல் என்று இப்போது விளங்குகிறது. அப்பாவாக நடிப்பவர் கூத்தாடுகிறவர், வடமோடிக் கூத்தில் பேர் எடுத்தவர். அவருடைய முகம் கமராவில் அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் வாய் திறந்தால் குரலும் கையும் கூத்துக் களரி அளவுக்கு விரிந்துவிடுகிறது. அவரிடம் குறையச் சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது, எங்களை விட எவ்வளவோ மூத்தவர்.

மண்டூரான்:

தம்பி, அவர் வட்டக்களரியில் நின்று பழகினவர். சுற்றிவர சனம். கடைசி வரிசையில் இருக்கிற கிழவிக்கும் கேட்கவேண்டும் என்றுதான் அந்தக் குரலை வளர்த்திருக்கிறார். ‘குறையுங்க’ என்று சொன்னால் அவர் காதில் ‘நீங்கள் ஆடினது பிழை’ என்றுதான் விழும். அப்படிச் சொல்லாதீர்கள்.

அவருடைய கைக்கு வேலை கொடுங்க. கிழிந்த வலையை மடியில் போட்டு, வலை ஊசியைக் கையில் கொடுத்து, பொத்திக்கொண்டே வசனம் சொல்லச் சொல்லுங்க. கண்ணியின் அளவு பிசகாமல் முடிச்சுப் போடுகிறவர் குரலை உயர்த்தமாட்டார், கண்ணும் கீழேதான் இருக்கும். கோபம் வருகிற வசனத்தில் கை நிற்கும், நூல் இழுபடும். அதை மட்டும் கிட்டவாக எடுத்தால் போதும், அவர் கத்தத் தேவையே இல்லை. இன்னொன்று, அவர் பேசுகிறபோது எதிரே ஒருத்தர் முழங்கால் தொடுகிற தூரத்தில் இருக்கவேண்டும். கமரா எங்கே நிற்கிறது என்பதல்ல கணக்கு. யாரோடு பேசுகிறோமோ அவர் இருக்கிற தூரத்துக்குத்தான் மனிதர் குரல் எழும்பும்.

எடுத்ததைப் போனில் அவருக்கே போட்டுக் காட்டுங்க. கூத்துக்காரருக்குத் தன் ஆட்டத்தைத் தானே பார்க்கக் கிடைப்பதில்லை. ஒருமுறை பார்த்தால் அவரே அளவைப் பிடித்துக்கொள்வார்.

மகன் விசயத்துக்கு வருகிறேன். புது ஆளைப் போட்டு முழுவதையும் திரும்ப எடுக்கப் போகிறீர்களா?

கல்லடிப் பொடியன்:

அதற்கு நேரம் இல்லை அண்ணா. வீட்டுக் காட்சிகளில் அவன் அவ்வளவு நல்லாச் செய்திருக்கிறான், அதை விடவும் மனமில்லை.

மண்டூரான்:

அப்படியென்றால் விடாதீர்கள். வாக்குவாதக் காட்சியில் அப்பாவின் முகத்திலேயே இருங்க. மகனுடைய வசனம் குரலாக மட்டும் வரட்டும். திட்டு வாங்குகிறவருடைய முகத்தில்தான் நமக்குப் பார்க்க நிறைய இருக்கிறது. மகன் போட்டிருந்த சேட் ஊரில் இருக்கிறதா? அதே உடம்புவாக்குள்ள ஒருத்தருக்குப் போட்டு, பின்னால் இருந்து தோளும் காதும் தெரிகிற மாதிரி ஒரு ஷொட் எடுத்தால், அவன் அங்கேதான் நிற்கிறான் என்று யாரும் நம்புவார்கள்.

குரலை அவன் கட்டாரில் இருந்தே பேசி அனுப்பலாம். வட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பவேண்டாம், அது சத்தத்தைச் சுருக்கிவிடும். போனின் பதிவுச் செயலியில் பேசி, கோப்பாக அனுப்பச் சொல்லுங்க. கட்டிலில் போர்வையைத் தலைக்கு மேலே மூடிக்கொண்டு பேசினால் அறை எதிரொலி வராது. அப்பாவின் ஷொட்டை அவனுக்கு அனுப்பி, அதைப் பார்த்துக்கொண்டே பேச வையுங்க.

கடைசிக் காட்சியை மாற்றுங்க. மகன் வரவேண்டாம். அவன் போய்விட்டான். அப்பாவின் போனுக்கு அங்கேயிருந்து குரல் வருகிறது. அந்தக் குரல் செய்தியை இதே வட்ஸ்அப்பில், அவன் வேலை செய்கிற இடத்துச் சத்தத்தோடு, சுருங்கினபடியே எடுங்க. அது அப்படித்தான் கேட்கவேண்டும். இந்தக் கரையில் எத்தனை வீட்டில் பிள்ளைகள் இப்படிக் குரலாக மட்டும் இருக்கிறார்கள். நீங்கள் எழுதின முடிவை விட இது எங்களுக்குக் கிட்டவாக இருக்கும்.

திருக்கோவில் அலை:

இது நல்ல யோசனை. குரல் கொடுப்பதைப் பற்றி நான் சொன்னது இந்த இடத்திலாவது உதவுகிறது. ஆனால் தோணியை அப்பா விற்றாரா இல்லையா என்பது தெரியவேண்டும். அது தெரியாமல் விட்டால் பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

மண்டூரான்:

விற்றுவிட்டார் என்றே வைக்கலாம். விற்ற பிறகும் அவர் துறைக்கு வந்து இருக்கிறார். ஆனால் அது அவர்களுடைய படம், அவர்கள் தீர்மானிக்கட்டும்.

நிந்தவூர் நிலா:

நாங்கள் போன வருடம் போனிலேயே ஒரு படம் எடுத்தோம், குழுவில் 4 பேர் பெண்கள். வெளிச்சம் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் துறை கல்லடிப் பக்கம் என்றால் காலை வெயில் கடல் பக்கமாகவும் மாலை வெயில் வாவிக்கு மேலாலும் வரும். வலையிறவு காக்கா சொன்னபடி காலையில் எடுத்தால், அப்பாவைக் கிழக்குப் பார்க்க இருத்துங்க. முகத்தில் மென்மையான வெளிச்சம் விழும். பின்னேரம் வாவிப் பக்கம் பார்த்து எடுத்தால் ஆள் கறுப்பு நிழலாகத்தான் வருவார், அது தோணியைத் தள்ளிப் போகிற காட்சிக்குப் பொருந்தும். நடுப்பகலில் எடுக்கவேண்டாம். செப்டெம்பர் தொடக்கத்தில் எங்கள் பகுதியில் உச்சி வெயில் தலைக்கு நேரே மேலே நிற்கும், கண் இரண்டும் குழிக்குள் இருட்டாகிவிடும். கட்டாயம் எடுக்கவேண்டி வந்தால் வெள்ளை றெஜிபோம் (தெர்மாகோல்) பலகையை மடியளவில் பிடித்து வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்புங்க.

வீட்டுக்குள் ரியூப்லைற் வெளிச்சத்தில் எடுத்ததைப் பெரிய திரையில் ஒருமுறை பாருங்க, கோடு கோடாக ஓடுகிறதா என்று. எங்கள் நாட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சில லைற்றுகள் நொடிக்கு 100 தரம் மினுங்கும். கமராவை நொடிக்கு 25 பிரேமிலும் ஷட்டரை நொடியின் 50இல் ஒரு பங்கிலும் வைத்தால் அது தெரியாது. போன்கள் தானாக 30இல்தான் நிற்கும், மாற்றிக்கொள்ளுங்க.

சத்த விசயத்தில் இன்னொன்று. பாங்கு நேரத்தையும் கோயில் பூசை நேரத்தையும் முன்கூட்டியே எழுதிவைத்து, அந்த நேரங்களை இடம் மாறுவதற்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்குங்க. வைகாசியில் எடுக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அம்மன் கோயில் சடங்கு எந்தெந்த நாள் என்று கேட்டுவிட்டுத் திகதி வையுங்க. ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்ல ஒருத்தருக்கும் உரிமையில்லை, அது அவர்களுடைய ஊர்.

குழுவில் பெண்பிள்ளைகள் இருந்தால், ‘இரவு எத்தனை மணிக்கு விடுவீர்கள், யார் கொண்டுவந்து விடுவது’ என்பதை வீட்டுக்காரரிடம் இயக்குநரே போய்ச் சொல்லவேண்டும். சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்தும் விடவேண்டும். ஒருநாள் தவறினால் அடுத்த நாள் அந்தப் பிள்ளை வராது, அது அவளுடைய பிழை இல்லை. இதை லென்ஸை விட முக்கியமாக நினையுங்க.

கல்லடிப் பொடியன்:

நிலா, எங்கள் குழுவிலும் 2 பேர் பெண்கள். இரவுக் காட்சிக்கு அவர்கள் வரமுடியாது என்பதும் எங்களுக்கு ஒரு பிரச்சினை, ஏனென்றால் கமரா பிடிப்பதே அவர்களில் ஒருத்தர்தான்.

நிந்தவூர் நிலா:

அப்போ இரவில் எடுக்காதீர்கள். இரவுக் காட்சியை இரவில்தான் எடுக்கவேண்டும் என்று இல்லை.

தூரத்து ஷொட்டை மைம்மலில் எடுங்க. சூரியன் மறைந்து 20 நிமிடம் போல வானத்தில் நீலம் இருக்கும், அதற்குள் ஒரு ஷொட்தான் கிடைக்கும். அதனால் வெயில் இருக்கும்போதே ட்ரைபொட்டை வைத்து, அப்பாவைத் தோணியில் இருத்தி, ஒத்திகை பார்த்துவிடுங்க. கிட்டத்து ஷொட்டுகளுக்கு வாவியே தேவையில்லை. தோணியை யாராவது ஒருத்தருடைய வளவுக்குள் இழுத்து வைத்து, பின்னால் கறுப்புத் துணி கட்டி, பொழுதுபட்டவுடன் எடுங்க. அகலமான சட்டியில் தண்ணீர் ஊற்றி, உடைந்த கண்ணாடித் துண்டு இரண்டை அடியில் போட்டு, டோர்ச் வெளிச்சத்தை அதில் அடித்தால், தண்ணீரை விரலால் அசைக்கும்போது அப்பாவின் முகத்தில் அலை ஓடும். பார்க்கிறவர்கள் வாவி நடுவில் இருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். அரிக்கன் லாம்பின் சுடர் கமராவுக்குப் போதாது. லாம்புக்குப் பின்னால், கமராவுக்குத் தெரியாத பக்கத்தில், சின்ன எல்.ஈ.டி. பல்ப் ஒன்றைக் கட்டி, செம்மஞ்சள் டொபிக் கடதாசியைச் சுற்றுங்க.

7 மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம்.

வலையிறவுத் தோணி:

வளவுக்குள் வைத்து எடுப்பது நல்லது. ஆனால் தோணியை இழுக்கும்போது கல்லில் உரசாமல் அடியில் உருளைக்கட்டை போடுங்க. ஒருத்தருடைய பிழைப்பு அது. தொழிலுக்குப் போகிற நாளில் கேட்டால் அன்றைய வருமானத்தைக் கொடுத்துவிடுங்க, ‘பரவாயில்லை’ என்று அவர் சொன்னாலும். துறையில் எடுக்கமுதல் மீனவர் சங்கத் தலைவரையும் கிராம சேவகரையும் பார்த்து ஒரு சொல் சொல்லிவையுங்க. படிக்கிற இடத்தில் இருந்து கடிதம் ஒன்று கையில் இருந்தால் பொலிஸ் வந்து கேட்டாலும் பயமில்லை.

ட்ரோன் பறக்கவிடுகிற எண்ணம் இருக்கிறதா? அதற்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி எடுக்கவேண்டும்.

கல்லடிப் பொடியன்:

ட்ரோன் இல்லை அண்ணா. மேலிருந்து ஒரு ஷொட் வேண்டும் என்றால் பழைய பாலத்தில் நின்று எடுக்க நினைத்திருக்கிறோம். 2013இல் புதுப் பாலம் திறந்தபிறகு பழையதில் பெரிய வாகனங்கள் போவதில்லை, ட்ரைபொட் அவ்வளவாக அதிராது.

அக்கரைப்பற்று எடிற்:

பிந்தி வந்துவிட்டேன். எடிற்றுக்கு இரண்டு மூன்று சொல்கிறேன்.

போனில் எடுத்த வீடியோவில் பிரேம் வேகம் நிலையாக இருக்காது, கொஞ்சம் கூடிக் குறையும். தனியாகப் பதிந்த சத்தத்தோடு வைத்தால் தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக உதடு பிந்தும். எடிற் தொடங்கமுதல் எல்லாக் கோப்பையும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு நிலையான 25 பிரேமுக்கு மாற்றுங்க. இலவசம்தான். மடிகணினி இழுக்காவிட்டால் டாவின்சி ரிசோல்வ் என்ற எடிற் மென்பொருளில் புரொக்ஸி, அதாவது சின்ன அளவுப் பிரதி, செய்து எடிற் பண்ணுங்க. அதன் இலவசப் பதிப்பே உங்களுக்குப் போதும்.

கமரா நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிந்தால் 32 ஜீ.பீ. கார்ட் 40 நிமிடத்தை ஒட்டித்தான் வரும். அதனால் அங்கேயே கார்ட்டை அழித்துவிட்டுத் தொடர வேண்டி வரும். கோப்பு இரண்டு இடத்தில் ஏறி, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தபிறகுதான் அழிக்கவேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்கும் ஒரே பையில் இருக்கக்கூடாது, ஒன்று வேறொருத்தர் வீட்டுக்குப் போகட்டும். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் ஒரு முழுப் படத்தை ஒரே பையோடு தொலைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் அழுததைப் பார்த்தவன் நான், அதனால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

பேர் போடும்போது, பிரீமியர் மென்பொருளில் செய்தால், எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றாவிட்டால் ‘தோணி’யின் கொம்பு ஒரு பக்கமும் அரவு ஒரு பக்கமும் விலகி நிற்கும். மாற்றியும் சரிவரவில்லை என்றால் வேறு மென்பொருளில் எழுதிப் படமாக்கி ஒட்டிவிடுங்க. சிங்கள உபதலைப்பும் போடுங்க, நீங்கள் எடுப்பது நீர்கொழும்பில் இருக்கிற மீனவருக்கும் விளங்குகிற கதை.

கல்லடிப் பொடியன்:

எல்லாவற்றையும் குழுவோடு இருந்து வாசித்தோம். மகனுடைய நீலச் சேட் அவன் அம்மாவிடம் இருக்கிறது, கேட்டவுடன் எடுத்துத் தந்தார். முடிவையும் மாற்றுகிறோம். மகன் வரமாட்டான், தோணி விற்றாச்சு, குரல் செய்தி மட்டும். அவனிடம் சொன்னபோது, வேலை முடிந்து அறைக்கு வருகிற பஸ்ஸுக்குள் இருந்து பேசி அனுப்புகிறேன் என்று சொன்னான். வாக்குவாதக் காட்சியை விடிய 6 மணிக்கு, அப்பா வலை பொத்துகிற மாதிரித் திரும்ப எடுக்கிறோம்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. கடைசிக்குப் படப் பாட்டு ஒன்றின் இசையைப் போட நினைத்திருந்தோம். போடலாமா?

அக்கரைப்பற்று எடிற்:

போடாதீர்கள். 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது, யூடியூபும் உடனே பிடிக்கும். விழாக்களுக்கு அனுப்பும்போது இசைக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலே கேட்பார்கள்.

மண்டூரான்:

அப்பா நடிகர் கூத்துக்காரர் என்று சொன்னீர்களே. அவருக்குக் கூத்துப் பழக்கின அண்ணாவியாரிடமே கேளுங்க. ஒரு மத்தளம், சல்லரித் தாளம், அவருடைய குரலில் இரண்டு வரி. வெற்றிலை பாக்கோடு போய், எதற்கு, எங்கே காட்டப்போகிறோம் என்று விளக்கமாகச் சொல்லி, சம்மதத்தை எழுத்தில் வாங்கி, பேரைப் படத்தில் போடுங்க. காசு கொஞ்சமாவது கொடுங்க.

பதியும்போது சல்லரியைத் தள்ளி நிறுத்தவேண்டும் என்று நினைக்கிறேன், ஏறாவூர் தம்பி?

ஏறாவூர் ஒலி:

ஓம், சல்லரி மைக்கிலிருந்து 3 மீற்றராவது தள்ளி நிற்கட்டும், குரல் கிட்ட, மத்தளம் நடுவில். ஓட்டுக் கூரை உள்ள திறந்த மண்டபமாகப் பாருங்க, தகரம் வேண்டாம். என்னிடம் நல்ல றெக்கோர்டர் ஒன்று இருக்கிறது. வேலை இல்லாத நாளில் கொண்டுவருகிறேன், எந்த நாள் என்று மட்டும் முதலே சொல்லுங்க.